புதுக்கோட்டைப் பக்கம் சுற்றப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் புதுக்கோட்டையில் டீ குடிக்க நிற்பதோடு சரி. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் காரைக்குடி போகிறவர்களும் அப்படித்தான். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சமணப் படுக்கைகள், பாண்டியர் கால ஓவியம், வட்டக் கருவறை, சேதுபதி கட்டிய கோட்டை எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. ஆனாலும் போய்வந்தவர்களைக் கேட்டால், "பாறை, வெயில், பூட்டிய கதவு, அவ்வளவுதான்" என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஊட்டிக்கு எந்த நேரத்தில் போய் இறங்கினாலும் ஏதாவது ஒன்று பார்க்கக் கிடைக்கும். இங்கே நேரம் தப்பினால் எல்லாம் தப்பும்.

முதல் தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பது. மேப்பில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஆனால் நார்த்தாமலை திருச்சி சாலையில், சித்தன்னவாசல் அன்னவாசல் பக்கம், கொடும்பாளூர் மேற்கே மதுரை நெடுஞ்சாலையில், திருமயம் தெற்கே, ஆவுடையார்கோவில் அறந்தாங்கியும் தாண்டி. ஒவ்வொன்றுக்கும் ஊருக்குள் வந்து மறுபடி கிளம்புகிற மாதிரிதான் பாதைகள். இரண்டு நாள் வேண்டும். ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் சித்தன்னவாசலும் நார்த்தாமலையும் போதும், மற்றதை அடுத்த தடவைக்கு விட்டுவிடலாம்.

இரண்டாவதுதான் பெரிய தவறு: மதியத்தைக் கணக்கில் எடுக்காதது. பூசை நடக்கும் கோவில்கள் மதியம் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தி, நாலு மணி போலத்தான் திறக்கின்றன. தொல்லியல் துறை இடங்கள் மதியமும் திறந்திருக்கும், ஆனால் மாலையில் சீக்கிரம் பூட்டிவிடுவார்கள். இது தெரியாமல் பலர் காலையில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குக் கோட்டையில் ஏறி, பன்னிரண்டரைக்குக் கோவில் வாசலுக்கு வந்து பூட்டைப் பார்க்கிறார்கள். விடிந்ததும் மலைமேல் உள்ளவை, அப்புறம் நடை சாத்துவதற்குள் கோவில், மதியம் கூரைக்குக் கீழே ஏதாவது, வெயில் தாழ்ந்ததும் மறுபடி பாறை. இந்த வரிசையில் போனால் ஒரே நாளில் இரண்டு மடங்கு பார்க்கலாம்.

மதியத்துக்கான கூரை புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. சமஸ்தானக் காலத்தில், 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் வெளியிட்ட அம்மன் காசை அவசியம் பாருங்கள்: செம்பில் சின்னக் காசு, ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. அந்த அம்பாளின் கோவிலும் இதே திருக்கோகர்ணத்தில்தான். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று திட்டம் போடுகிறவர்கள் சரியாக அன்றைக்குத்தான் போய் நிற்பார்கள்.

சித்தன்னவாசலில் செய்கிற தவறு வேறு மாதிரி. 'தென்னாட்டு அஜந்தா' என்று எங்கோ படித்துவிட்டு, சுவரெல்லாம் ஓவியத்தை எதிர்பார்த்து வருகிறார்கள். ஓவியம் இருக்கும் அறிவர் கோவில் ஒரு சின்னக் குடைவரை. எஞ்சியிருப்பது பெரும்பாலும் முன்கூடத்தின் விதானத்திலும் தூண்களின் மேற்பகுதியிலும்தான், அதுவும் நிறைய உதிர்ந்துபோயிருக்கிறது. வெளி வெயிலிலிருந்து உள்ளே போனதும் மேலே பார்த்தால் அழுக்குப் பச்சையாக ஏதோ தெரியும். அத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் நில்லுங்கள், கண் பழகட்டும். முதலில் தாமரை இலைகள் பிரியும், அப்புறம் மொட்டுகள், இலைகளுக்கு நடுவே மீன், வாத்து, குளத்தில் இறங்கிய யானை. பூப்பறிக்கும் ஆட்களில் ஒருவர் தண்டோடு தாமரையைத் தோளில் சாய்த்திருப்பார். தூணில் ஆடும் பெண்ணின் ஒரு கை மட்டும் நீண்டு தெரியும், மற்றதை நாம்தான் ஊகிக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கவே கூடாது. எடுத்தாலும் அந்தச் சிவப்பும் பச்சையும் படத்தில் வெளிறித்தான் போகும்.

இந்தக் குகையைப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்தான் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குகைக்கு வெளியே பாறையில் உள்ள கல்வெட்டு, 9-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. முன்னால் வரிசையாக நிற்கும் தூண்களைப் பழையவை என்று நம்பிப் படம் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. தூண்கள் பழையவைதான், ஆனால் அந்த இடத்தவை அல்ல. இடிந்து கிடந்த முகப்புக்குப் பதிலாக, 1900-களில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஓவியத்தைப் பார்த்ததும் காரில் ஏறிவிடுவது அடுத்த தவறு. அதே மலையின் மறுபுறம் ஏழடிப்பட்டம் என்ற சமணர் குகை இருக்கிறது. பாறையில் ஏறிக் கடந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு செங்குத்தான சரிவின் ஓரமாகப் போக வேண்டும். உள்ளே வழவழவென்று தேய்த்த 17 கல் படுக்கைகள், தலைமாட்டில் தலையணை மாதிரிக் கல்லிலேயே மேடு. பெரிய படுக்கையின் பக்கத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து, கி.மு. காலத்தது. தலை சுற்றல் உள்ளவர்கள் ஏற வேண்டாம். மற்றவர்கள் இங்கே காலையில் முதலில் போய்விட்டு, அப்புறம் ஓவியத்துக்கு வரலாம்.

நார்த்தாமலையில் பலர் கீழே முத்துமாரியம்மன் கோவிலைக் கும்பிட்டுவிட்டு, விஜயாலய சோழீஸ்வரம் எங்கே என்று தேடுவார்கள். அது மேலமலையில், மொட்டைப் பாறையின்மேல் இருக்கிறது. வழியில் நிழல் கிடையாது, மேலே கடையும் கிடையாது. தண்ணீரும் தொப்பியும் கீழேயே எடுத்துக்கொள்ள வேண்டும். செருப்பைக் கழற்றியபின் கால் வைக்கப்போவது வெயில் ஏறிய கல்லில், அதனால் பழைய சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். மார்ச்சிலிருந்து ஜூன் வரை பத்து மணிக்கு மேல் ஏறவே வேண்டாம் என்பேன். டிசம்பர், ஜனவரி மாதங்கள் அருமை.

பெயரில் சோழீஸ்வரம் இருந்தாலும் இதைக் கட்டியது முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி. மழை இடித்து அழிந்ததை மல்லன் விதுமன் புதுக்கினான் என்று கல்வெட்டு சொல்கிறது. சதுரச் சுவருக்குள் வட்டமான கருவறை. அதைப் பார்க்கக் கதவு திறக்க வேண்டும், எனவே ஏறுவதற்கு முன்பே காவலர் எங்கே என்று விசாரித்துவிடுங்கள். மேலே போய்த் தேடுவது வீண் வேலை. கோவிலைப் பார்த்ததும் இறங்கிவிடாமல் எதிரே உள்ள 'சமணர் குடகு' என்ற குடைவரைக்கும் போங்கள். உள்ளே ஆளுயரத்தில் 12 விஷ்ணு உருவங்கள், அச்சு எடுத்தாற்போல வரிசையாக நிற்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல வேலை.

திருமயத்தில் நெடுஞ்சாலை ஓரத்துக் கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பொறுமையுள்ளவர்கள் 1687-ல் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டையில் ஏறி, உச்சியில் உள்ள பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். மலையின் தெற்கு அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாளும் சத்தியகிரீஸ்வரரும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடைவரையாக இருக்கிறார்கள். பள்ளிகொண்ட பெருமாள் அவ்வளவு பெரியவர், ஒரே பார்வையில் அடங்க மாட்டார். கோவிலை முதலில் பார்த்துவிட்டுத்தான் கோட்டைக்குப் போக வேண்டும். காரணம் மேலே சொன்னதுதான், நடை சாத்துவது.

குடுமியான்மலையும் கோவில் நேரத்துக்குக் கட்டுப்பட்ட ஊர். மண்டபச் சிற்பங்களிலேயே நின்றுவிட்டு, பின்னால் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் உள்ள இசைக் கல்வெட்டைத் தவறவிடாதீர்கள். கிரந்த எழுத்தில், சுரங்களை நாலு நாலாகப் பிரித்து ஒரு பாறை முழுக்க வெட்டியிருக்கிறார்கள்.

பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் பெரிய சாலை வரைக்கும் கவலைப்பட வேண்டாம். உள்ளே போகிற கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் சிக்கல். ஆட்டோ பிடித்தால் காத்திருப்பதற்கும் சேர்த்தே வாடகை பேசிவிடுங்கள், திரும்பி வர இன்னொன்று கிடைக்கும் என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடும் புதுக்கோட்டை ஊருக்குள்தான்.

கடைசியாக ஆவுடையார்கோவில். மற்ற எல்லாம் முடிந்து சாயங்காலம் மிச்சமிருக்கும் நேரத்தில் இதைச் செருகுவது எல்லோரும் செய்கிற தவறு. இங்கே பார்க்க வேண்டியது தலைக்கு மேலே இருக்கிறது: கருங்கல்லை மரச்சட்டம், ஆணி, குமிழ் என்று செதுக்கிய கொடுங்கை, அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பு. அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று எழுதிக்கொள்வார்களாம். மங்கிய வெளிச்சத்தில் அந்த நுணுக்கம் ஒன்றும் தெரியாது. கருவறையில் லிங்கம் இல்லை, கொடிமரமும் இல்லை. படைகல்லில் புழுங்கல் அரிசிச் சோற்றைக் கொட்டி, எழும் ஆவியைத்தான் நிவேதனம் செய்கிறார்கள். அதைப் பார்க்க விரும்பினால் முந்தின இரவு அறந்தாங்கியில் தங்கி, காலைப் பூசைக்குப் போங்கள். பூசை முடிந்ததும் நடை சாத்துகிற வரைக்கும் கொடுங்கைக்கு நேரம் இருக்கும்.