பெயரை வாங்கி ஏமாறாதீர்கள்: ஃபேண்டஸி ஃபுட்பால் டிரேடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 அக்டோபர் 20, வியாழக்கிழமை இரவு. கரோலைனா பேந்தர்ஸ் அணியிலிருந்து, பந்தை ஏந்தி ஓடும் நட்சத்திரமான கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் வாங்கிவிட்டது என்று செய்தி வந்ததும், எங்கள் வாட்ஸ்அப் குழு தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே வெடித்தது. பன்னிரண்டு பேர் கொண்ட ஃபேண்டஸி லீக் எங்களுடையது. மெக்காஃப்ரியை வைத்திருந்தவர் கோப்பையே கைக்கு வந்ததுபோல் குதித்தார். மற்றவர்கள் அவரைக் கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். குழுவில் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒருவர் மட்டும் பேந்தர்ஸில் இனி அவருக்குப் பதிலாக ஓடப்போகும் டொன்டா ஃபோர்மனை யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தன் அணியில் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிறு மெக்காஃப்ரி புது அணிக்காக எட்டே முறைதான் பந்தை ஏந்தி ஓடினார், 38 யார்டு. ஃபோர்மன் 118 யார்டு ஓடினார். அதற்கடுத்த ஞாயிறு ஃபோர்மன் மறுபடி 118 யார்டு, கூடவே மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது). மெக்காஃப்ரியும் அதே நாளில் ஒரு டச் டவுன் ஓடி, ஒன்றைப் பிடித்து, ஒன்றை எறிந்து கணக்கைத் தீர்த்துவிட்டார் என்பது வேறு விஷயம். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? எனக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் ஃபோர்மனுக்குப் பதிலாக பேந்தர்ஸின் இன்னொரு ஓட்டக்காரரான சூபா ஹப்பர்டை எடுத்தேன். அவர் முதல் ஆட்டத்திலேயே கணுக்காலில் அடிபட்டு வெளியே போனார்.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி ஆடுவது இல்லை, அமெரிக்காவில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் ஆட்டத்தின் பெரிய லீக்கான என்எஃப்எல். அங்கே வீரர்களைப் பணம் கொடுத்து வாங்குவதில்லை. வரப்போகும் டிராஃப்டில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையோ வேறு வீரரையோ கொடுத்து மாற்றிக்கொள்வார்கள். அதுதான் டிரேட். ஃபேண்டஸி லீக்கில் நாமும் ஒரு டிராஃப்ட் வைத்து நிஜ வீரர்களைப் பிரித்துக்கொண்டு கற்பனை அணி நடத்தி, வாரம் ஒருவரோடு மோதுகிறோம். பெரும்பாலான லீக்குகளில் ஓடியோ பிடித்தோ பத்து யார்டு முன்னேறினால் ஒரு புள்ளி, அப்படி எடுக்கும் டச் டவுனுக்கு ஆறு. பந்தைப் பிடிக்கும் ஒவ்வொரு முறைக்கும் அரைப் புள்ளியோ ஒரு புள்ளியோ உண்டு, அது லீக்கைப் பொறுத்தது. நமக்குள்ளும் டிரேட் செய்யலாம். வீட்டில் நிம்மதி போவது அங்கேதான்.

ஆக, ஒரே டிரேட் என்ற சொல் இரண்டு சந்தைகளில் ஓடுகிறது. நிஜ அணிகள் செய்வது ஒன்று, நாம் செய்வது ஒன்று. பாதித் தவறுகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில் வருகின்றன. மீதிப் பாதி, ஆளைப் பார்த்துவிட்டு அவருக்கு வரப்போகும் பந்தைப் பார்க்காமல் விடுவதில்.

ட்ரெண்ட் ரிச்சர்ட்சன் கதையை எங்கள் லீக்கில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் பாடமாகவே எடுப்பதுண்டு. 2012 டிராஃப்டில் மூன்றாவதாகத் தேர்வானவர். க்ளீவ்லாண்ட் பிரவுன்ஸுக்காக முதல் ஆண்டிலேயே ஓடி 11 டச் டவுன் அடித்தார். ஃபேண்டஸி ஆட்கள் கண்ணில் அவர் தங்கச் சுரங்கம். ஆனால் அந்த ஆண்டு அவர் ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக எடுத்தது 3.6 யார்டுதான். பந்தை ஏந்தி ஓடுவதையே வேலையாகக் கொண்ட ரன்னிங் பேக்குக்கு அது சுமாருக்கும் கீழே. புள்ளிகள் குவிந்ததற்குக் காரணம் வேறு: அணி அவரை 267 முறை ஓடவிட்டது. அடுத்த செப்டம்பரில், சீசன் தொடங்கிய இரண்டே வாரத்தில், ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையைக் கொடுத்து இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அவரை வாங்கியது. நல்ல அணி, பந்தெறிந்து ஆட்டத்தை நடத்த ஆண்ட்ரூ லக் போன்ற குவார்ட்டர்பேக், இனி அடித்து நொறுக்குவார் என்று ஊரே பேசியது. புது அணியில் பந்தைத் தொட்ட முதல் ஓட்டத்திலேயே டச் டவுன். அன்று அவரை வாங்கத் துடித்தவர்கள் எத்தனை பேர்!

அதற்கப்புறம் அந்த சீசன் முழுக்க கோல்ட்ஸுக்காக அவர் எடுத்த சராசரி 2.9 யார்டு. வழி திறந்துவிடும் அதே தடுப்பாளர்களுக்குப் பின்னால் அதே ஆண்டு ஓடிய டொனால்டு பிரவுன் 5.3 எடுத்தார். மெல்ல மெல்ல ஓட்டங்கள் பிரவுனுக்குப் போயின. பெயரை வாங்கியவர்கள் பெயரைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (க்ளீவ்லாண்ட் அந்தத் தேர்வு உரிமையோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்து நான்கு இடம் மேலே ஏறி குவார்ட்டர்பேக் ஜானி மான்சியலை எடுத்தது, அவரும் தேறவில்லை. அது தனிச் சோகம்.)

யானை இருந்தாலும் ஆயிரம் பொன் இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது ஃபேண்டஸியில் செல்லாது. இங்கே யானைக்கு வாராவாரம் விலை வேறு. டிராஃப்டில் எத்தனையாவது ஆளாக எடுத்தோம் என்ற எண் நான்காவது வாரத்துக்குமேல் பழைய பஞ்சாங்கம். பார்க்க வேண்டியவை மூன்று: ஆட்டத்தில் எத்தனை முறை களத்தில் நிற்கிறார், எத்தனை முறை பந்து அவர் பக்கம் வருகிறது, கோலுக்கு அருகே போனதும் யாருக்குக் கொடுக்கிறார்கள். இவை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் கணக்குகள். பார்ப்பதற்குத்தான் நமக்குச் சோம்பல்.

அடுத்த தவறு, போனவரையே பார்த்துக்கொண்டு இருப்பவரை மறப்பது. 2022 மார்ச்சில் குவார்ட்டர்பேக் ரசல் வில்சனுக்காக டென்வர் பிராங்கோஸ் இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகளையும் கூடவே மூன்று வீரர்களையும் சியாட்டிலுக்கு அள்ளிக் கொடுத்தது. அந்த ஆண்டு ஃபேண்டஸி டிராஃப்டுகளில் வில்சனுக்கு ஏக கிராக்கி. சியாட்டிலில் மிச்சமிருந்த ஜீனோ ஸ்மித்தை எங்கள் லீக்கில் யாரும் எடுக்கவேயில்லை. சீசன் முடிவில் வில்சன் எறிந்தது 16 டச் டவுன், ஸ்மித் 30. ஆண்டின் சிறந்த மறுவருகைக்கான விருதும் ஸ்மித்துக்குத்தான். வில்சன் போன இடத்தில் பயிற்சியாளர் புதியவர், ஆட்டமுறை புதிது. ஸ்மித்தோ மூன்று ஆண்டு அங்கேயே உட்கார்ந்து பார்த்தவர், எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களான டி.கே. மெட்காஃபும் டைலர் லாக்கெட்டும் அப்படியே இருந்தார்கள். நட்சத்திரம் வெளியேறினால் நாற்காலி காலியாகிறது, நாற்காலி மட்டும் அங்கேயே இருக்கிறது. 2020இல் ரிசீவர் ஸ்டீஃபன் டிக்ஸை மினசோட்டா பஃபலோவுக்குக் கொடுத்தபோதும் இதே கதை. டிக்ஸ் 127 கேட்ச், 1,535 யார்டு எடுத்து லீகிலேயே முதலிடம் பிடித்தார். அந்த டிரேடில் கிடைத்த உரிமையை வைத்து மினசோட்டா எடுத்த ஜஸ்டின் ஜெஃபர்சன் முதல் ஆண்டே 1,400 யார்டு எடுத்தார்.

இனி ரிசீவர்களுக்கு வருவோம். ரன்னிங் பேக் அணி மாறினால் ஓரிரு வாரத்தில் ஒட்டிக்கொள்வார். ரிசீவர் அப்படியல்ல. எத்தனை அடி ஓடித் திரும்ப வேண்டும், எறிபவர் எந்த நொடியில் பந்தை விடுவார் என்பதெல்லாம் பழகிப் பழகி வர வேண்டியவை. அதனால் சீசன் நடுவில் அணி மாறும் ரிசீவரைத் தொடாதே என்று பலர் சூத்திரம் சொல்வார்கள். அந்தச் சூத்திரத்தையும் நம்பாதீர்கள். 2018 அக்டோபரில் ஒரு முதல் சுற்று உரிமையைக் கொடுத்து அமாரி கூப்பரை ஓக்லாந்திடமிருந்து டல்லஸ் கவ்பாய்ஸ் வாங்கியது. ஓக்லாந்துக்கு ஆறு ஆட்டங்களில் 280 யார்டு எடுத்திருந்தவர், டல்லஸுக்கு ஒன்பது ஆட்டங்களில் 725 யார்டும் ஆறு டச் டவுனும் எடுத்தார். 2022 நவம்பரில் இரண்டாம் சுற்று உரிமையைக் கொடுத்து சேஸ் கிளேபூலை சிகாகோ பேர்ஸ் வாங்கியது. மிச்சமிருந்த சீசனில் அவர் எடுத்தது 14 கேட்ச், 140 யார்டு.

இருவருமே இளம் வீரர்கள், இருவருக்குமே நல்ல விலை. வேறுபாடு போன இடத்தில் இருக்கிறது. டல்லஸ் அந்த ஆண்டு ஏப்ரலில்தான் டெஸ் பிரையண்டை வெளியே அனுப்பியிருந்தது. முதன்மை ரிசீவர் என்று சொல்ல ஆளே இல்லை, பந்தெறிய டாக் பிரெஸ்காட் இருந்தார். சிகாகோவோ அந்த ஆண்டு லீகிலேயே மிகக் குறைவாகப் பந்தெறிந்த அணி. அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் தானே ஓடி 1,143 யார்டு எடுத்தவர். குளத்தில் தண்ணீரே இல்லாதபோது புதுத் தூண்டில் போட்டு என்ன பயன்? நிஜ அணி கொடுத்த விலையைப் பார்த்து நாமும் விலை கொடுக்கும் பழக்கம் இங்கேதான் காலை வாரும்.

கூப்பர் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு அணிக்கும் சீசனில் ஒரு வாரம் ஓய்வு. 2018இல் ஓக்லாந்துக்கு ஏழாவது வாரம் ஓய்வு, டல்லஸுக்கு எட்டாவது வாரம். நடுவில் அணி மாறிய கூப்பர் இரண்டு வாரமும் ஆடவில்லை. டிரேட் வந்தவுடன் அட்டவணையைப் பார்க்காதவர்கள் இரண்டு பூஜ்ஜியங்களைத் தொடர்ந்து வாங்கினார்கள். அப்படி வாங்கியதில் எரிச்சலாகி அவரை விற்றவர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டு கொடுத்து ஒன்று, ஒன்று கொடுத்து இரண்டு என்ற பேரத்தில்தான் நிஜ அணிகளின் புத்தி நம்மைக் கெடுக்கிறது. 1989இல் ஹெர்ஷல் வாக்கர் என்ற ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்து டல்லஸ், மினசோட்டாவிடமிருந்து வீரர்களையும் டிராஃப்ட் உரிமைகளையும் மூட்டையாக வாங்கியது. அதிலிருந்து முளைத்ததுதான் எம்மிட் ஸ்மித் உள்ளிட்ட கூட்டமும் தொண்ணூறுகளின் மூன்று சூப்பர் பௌல் (என்எஃப்எல் இறுதிப்போட்டி) வெற்றிகளும். டல்லஸ் பக்கத்தில் வசிப்பதால் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் நிஜ அணியில் 53 பேருக்கு இடம் உண்டு. எங்கள் லீக்கில் ஒரு வாரத்தில் ஆடவிடுவது ஒன்பது பேரை. ஒரு முதல்தர ஆளைக் கொடுத்து இரண்டு நடுத்தர ஆட்களை வாங்கினால், அவர்களை உட்காரவைக்க நம் அணியிலேயே ஒருவரை வெளியே தள்ள வேண்டும். எதிராளிக்கோ ஒரு காலி இடம் கிடைக்கிறது, அதில் வெளியே கிடக்கும் ஆளை இலவசமாகப் போட்டுக்கொள்வார். ஓய்வு வாரமும் காயமும் சேர்ந்து அணியில் இரண்டு மூன்று ஓட்டை விழுந்திருந்தால் ஒழிய, சிறந்த ஒருவரை வாங்கும் பக்கத்தில் நில்லுங்கள்.

அப்புறம், டிரேட் கேட்கும் விதம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நம் பெஞ்சில் இருப்பவன் நாளைக்கே வெடிப்பான், எதிராளியின் நட்சத்திரம் இன்றோ நாளையோ அடிபடுவான் என்றே நமக்குத் தோன்றும். அதனால்தான் ஒரு நல்ல ரிசீவருக்குப் பதில் பந்தை உதைக்க மட்டுமே வருபவர் ஒருவரையும் பழைய டைட் எண்ட் (தடுப்பதும் பிடிப்பதும் இவர் வேலை) ஒருவரையும் நீட்டுகிறோம். அப்படி ஒரு முறை கேட்டால் அந்த ஆள் அந்த சீசன் முழுக்க நம் செய்தியைத் திறக்கவே மாட்டார். முதலில் அவர் அணியைப் பாருங்கள். "அண்ணா, உங்களுக்கு அடுத்த வாரம் ரெண்டு ரன்னிங் பேக்கும் ஓய்வு. என்கிட்ட ஒருத்தர் சும்மா இருக்கார், பேசலாமா?" என்று தொடங்கினால் பேச்சு நகரும். எங்கள் லீக்கில் ஆண்டுதோறும் நிறைய டிரேட் முடிப்பவர் இதைத் தவிர வேறு வித்தை எதுவும் செய்வதில்லை.

மற்றவர்கள் செய்யும் டிரேடை ஓட்டுப் போட்டுத் தடுக்கும் வசதி சில லீக்குகளில் உண்டு. இரண்டு பேர் கூட்டுச் சதி செய்தால் தடுக்கலாம். வயிற்றெரிச்சலுக்காகத் தடுத்தால் அந்த லீக் இரண்டு ஆண்டில் படுத்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். தேதியிலும் குழப்பம் வரும். நிஜ டிரேடுகளின் கெடு 2024இலிருந்து ஒன்பதாவது வாரத்துக்கு அடுத்த செவ்வாய்க்கு மாறியிருக்கிறது. நம் லீக்கின் கெடு அது இல்லை, தனியாகப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சொந்த அணிப் பாசம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கவ்பாய்ஸ் ரசிகர்கள் தங்கள் வீரர்களை அதிக விலைக்கு வாங்குவார்கள் என்பது எங்கள் ஊரில் தெரிந்த சங்கதி, லீக்கில் மற்ற அணி ரசிகர்கள் அதை வைத்தே பிழைப்பு நடத்துகிறார்கள். எனக்கு வந்த நோய் நேர் எதிர். எத்தனையோ ஆண்டு ஏமாந்து ஏமாந்து, டல்லஸ் எதைத் தொட்டாலும் விளங்காது என்று மனத்தில் பதிந்துவிட்டது. அதுவும் பாசத்தின் இன்னொரு முகம்தான், கணக்கைப் பார்க்கவிடாது.

2018இல் கூப்பர் என் அணியில் இருந்தார். ஏழாவது வாரம் பூஜ்ஜியம், எட்டாவது வாரம் பூஜ்ஜியம். டல்லஸ் அப்போது மூன்று வெற்றி, நான்கு தோல்வி. "நம்ம டீம்ல போய் எவன் உருப்பட்டான்" என்று சொல்லி, ஒரு சுமாரான ரன்னிங் பேக்குக்கு அவரை விற்றேன். அந்த ஆண்டு எங்கள் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள், 14ஆவது வாரம் தொடங்கியது. டிசம்பர் 9, பிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆட்டம். கூப்பர் 10 கேட்ச், 217 யார்டு, மூன்று டச் டவுன், அதில் கடைசியானது கூடுதல் நேரத்தில் டல்லஸை ஜெயிக்க வைத்தது. எங்கள் லீக் கணக்கில் 49.7 புள்ளி. நான் வீட்டில் துள்ளிக் குதித்துக் கத்தினேன், கவ்பாய்ஸ் ஜெயித்துவிட்டதே! அரை நிமிடம் கழித்து ஃபோன் அடித்தது. அந்த வாரம் எனக்கு எதிராக ஆடியவர், கூப்பரை என்னிடம் வாங்கியவர்தான்.