நான்காவது ஆட்டுக்கும் நினைவிருக்கும்: கிறிஸ்துமஸ் நாடகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்கு எட்டு வயதில் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பன் வேடம். ஒரே ஒரு வசனம்: "வாருங்கள், பெத்லகேமுக்குப் போய்ப் பார்ப்போம்." நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் இன்றைக்கும் அதே இழுவையோடு சொல்லிவிடுவேன். அந்த வருடம் கேட்ட பிரசங்கங்களில் ஒன்றுகூட மனதில் மிச்சமில்லை.

இன்னொன்றும் மறக்காமல் இருக்கிறது. நான் ஆசைப்பட்டுக் கேட்டது தேவதூதன் வேடம். "இந்த நிறத்துக்கு வெள்ளை அங்கி எடுக்காதுடா" என்று நாடகம் பழக்கிய பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். சொன்ன மறுநிமிடமே அதை மறந்திருப்பார்.

வசனமும் அந்தப் பேச்சும் ஒரே காரணத்தால்தான் தங்கின. காதால் கேட்டதைவிட உடம்பால் செய்தது ஆழமாகப் பதிகிறது. உளவியலில் இதைப் பலமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். "தீக்குச்சியை உடை" என்பதுபோன்ற வாக்கியங்களை வெறுமனே கேட்டவர்களைவிட, அவற்றைச் செய்து காட்டியவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது. நாடகத்தில் உடம்போடு குரல், பயம், நூறு பேர் பார்வை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அந்த நாள்களில் ஒரு பிள்ளையிடம் நல்லது சொன்னாலும் தங்கும், வேண்டாததைச் சொன்னாலும் தங்கும்.

பார்ப்பவர்களுக்கு இது அரை மணி நேரம். நடிப்பவர்களுக்கு ஐந்தாறு வாரம். நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, நாடகம் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் என்று நினைத்துக்கொள்வதில்தான் தொடங்குகின்றன.

வேடம் கொடுக்கும் நாள்

அதிகக் காயம் படுவது மேடையேறும் நாளில் இல்லை, யாருக்கு எந்த வேடம் என்று வாசிக்கும் நாளில்தான். மரியாளாக முக லட்சணமான பெண், காபிரியேல் தூதனாகச் சிவந்த பையன், மீதிப் பேர் மேய்ப்பர்கள், சின்னஞ்சிறுசுகள் ஆடுகள். சில இடங்களில் நிறைய காணிக்கை கொடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு நல்ல வேடம் தானாகப் போய்ச் சேரும். இதையெல்லாம் பெரியவர்கள் "பார்க்க நன்றாக இருக்கணுமே" என்று நினைத்துச் செய்கிறார்கள். பிள்ளைகளோ அந்தப் பட்டியலை, சபை தங்களுக்குப் போட்ட மதிப்பெண்ணாக வாசிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒதுக்கினால் பள்ளிக்கூடம் ஒதுக்கியது. ஆலயத்தில் ஒதுக்கினால் கடவுளே ஒதுக்கியதுபோல் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால் இதற்கு வேதத்தில் ஆதாரமே கிடையாது. மரியாளின் முகம் எப்படி இருந்தது என்று லூக்கா தன் சுவிசேஷத்தில் ஒரு சொல்கூட எழுதவில்லை. மேய்ப்பர்களுக்குத் தூதன் தோன்றியபோது அவர்களைச் சுற்றி மகிமை பிரகாசித்தது என்கிறார், அந்தத் தூதனுக்குச் சிறகையும் சொல்லவில்லை, வெள்ளை அங்கியையும் சொல்லவில்லை. (இதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. எட்டு வயதில் யாராவது சொல்லியிருக்கலாம்.) அதே லூக்காவின் முதல் அதிகாரத்தில், தாழ்ந்தவர்களைக் கடவுள் உயர்த்தினார் என்று மரியாள் பாடுகிறாள். அந்தப் பாட்டைப் பாட இருப்பதிலேயே வசதியான வீட்டுப் பெண்ணைத் தேடிப்பிடிக்கிறோம்.

சரி, எப்படித்தான் கொடுப்பது? சீட்டுக் குலுக்கிப் போடுவது நியாயமாகத் தெரியும். ஆனால் பேசவே கூசும் பிள்ளைக்குக் காபிரியேல் விழுந்தால் அதுவும் தண்டனைதான். நான் பார்த்தவரையில் நல்ல வழி, முதல் இரண்டு பயிற்சிகளில் யாருக்கும் வேடம் கொடுக்காமல் எல்லாரையும் எல்லா வசனங்களையும் மாற்றி மாற்றி வாசிக்க வைப்பது. யாருக்குள் எது இருக்கிறது என்று அப்போது தெரியும். குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் ஏரோது ராஜாவாக உறுமுவது பெரும்பாலும் நாம் நினைக்காத ஒரு பிள்ளையாகத்தான் இருக்கும். போன வருடம் மரியாளாக வந்தவர் இந்த வருடம் வேறு வேடம் என்ற ஒரு விதியை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

"ஆட்டுக்கு என்ன பயிற்சி?"

வசனம் இல்லாத பிள்ளைகளிடம் "நீ கடைசிப் பயிற்சிக்கு வந்தால் போதும்" என்று சொல்வது நேரத்தை மிச்சப்படுத்தும். அந்தப் பிள்ளைக்கு நாடகமே அதோடு போய்விடும். ஒன்றாகச் சேர்ந்து காத்திருப்பது, பாட்டைத் தப்பாகப் பாடி மறுபடி தொடங்குவது, சிரிப்பை அடக்க முடியாமல் திட்டு வாங்குவது ஆகியவற்றில்தான் ஒட்டுதல் உண்டாகிறது. 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்த பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்பு ஆகியவற்றை ஏழு மாதம் கவனித்தார்கள். முடிவில் எல்லா வகுப்பினரும் நெருக்கமாகியிருந்தார்கள். ஆனால் பாட்டு வகுப்பில் அது ஆரம்பத்திலேயே வேகமாக நடந்துவிட்டது. ஆகவே ஆடாக வருகிறவரையும் முதல் நாளிலிருந்தே பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.

வசனம் இல்லை என்றால் வேலையும் இல்லை என்று நினைப்பதுதான் அடுத்த பிழை. சுவிசேஷங்களில் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் சொப்பனம் கண்டு எழுந்து, இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் எகிப்துக்கு அழைத்துப் போவது அவன்தான். நான்காவது ஆட்டுக்கும் அப்படி ஒன்று கொடுக்கலாம். தூதன் வரும்போது முதலில் தலை தூக்குவது நீதான், உன்னைப் பார்த்துத்தான் மேய்ப்பன் விழிக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை அந்த ஒரு தலைதூக்கலுக்காக வீட்டில் கண்ணாடி முன் நிற்கும்.

வேடங்களைக் கூட்டவும் தடையில்லை. நட்சத்திரத்தைப் பார்த்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சுவிசேஷம் எண்ணிச் சொல்லவில்லை, காணிக்கைகள்தான் மூன்று. ஐந்து பேர் வந்தால் என்ன குறைந்துவிடும்?

மனப்பாடம், மறதி, சிரிப்பு

வசனத்தைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்க வைத்து, தடுமாறும்போது எல்லார் முன்னும் அதட்டுவது பழைய பழக்கம். நடிகர்கள் எப்படி வசனத்தை நினைவில் வைக்கிறார்கள் என்று ஹெல்கா நோய்ஸ், டோனி நோய்ஸ் என்ற இருவர் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். தேர்ந்த நடிகர்கள் வரிகளை உருப்போடுவதில்லை, இந்த ஆள் இதை ஏன் இப்போது சொல்கிறான் என்று தேடுகிறார்கள், வரி அதனோடு சேர்ந்து வந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. மேய்ப்பன் "போய்ப் பார்ப்போம்" என்கிறான். ஆடுகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவன் கவலைப்பட்டிருப்பானா? இப்படி ஒரு கேள்வி பத்துமுறை ஒப்பிப்பதைவிட அதிக வேலை செய்யும்.

இதே இருவர் 2004இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், முதியவர்களுக்கு நான்கு வாரம் நடிப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நினைவாற்றலிலும் சிக்கலைத் தீர்க்கும் திறனிலும் முன்னேற்றம் தெரிந்தது. நாமோ முதியவர்களை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துப் பூங்கொத்து கொடுத்து முடித்துவிடுகிறோம். இத்தனைக்கும் கதையிலேயே அவர்களுக்கு இடம் இருக்கிறது. குழந்தையைக் கையில் ஏந்தும் சிமியோனும், வயது எண்பத்துநான்கு என்று லூக்கா கணக்கு சொல்லும் அன்னாளும் இரண்டாம் அதிகாரத்தில் வருகிறார்கள். நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படும் காட்சி அதுதான்.

மேடையில் ஒரு பிள்ளை வசனத்தை மறந்து விழிக்கும்போது கூட்டம் சிரிக்கும். செல்லமாகச் சிரிக்கிறோம் என்பது நமக்குத் தெரியும், ஐந்து வயதுக்குத் தெரியாது. பின்னாலிருந்து மெதுவாக அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அந்த ஆள் அம்மாவாக இருக்காமல் இருப்பது நல்லது. அம்மாவின் பதற்றம் பிள்ளைக்குத் தொற்றிக்கொள்ளும்.

"பயப்படாதே" என்று தோளைத் தட்டுவதில் பெரிய பயன் இல்லை. தூதன் சொன்னால்தான் அது பலிக்கும் போலிருக்கிறது. 2014இல் வெளியான ஆலிசன் வுட் புரூக்ஸின் ஆய்வில், மேடைப்பேச்சுக்கு முன் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். நெஞ்சு படபடப்பது இரண்டுக்கும் பொதுதானே, அதை அடக்குவதைவிடப் பெயர் மாற்றுவது சுலபம்.

இன்னொரு ஆய்வும் இங்கே உதவும். 2000ஆம் ஆண்டில் வெளியானது. கல்லூரி மாணவர்களைக் கூச்சம் தரும் படம் போட்ட டீ-ஷர்ட்டோடு ஒரு அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். மேடையில் தடுமாறிய பிள்ளையிடம் "பாதிப் பேர் கவனிக்கவே இல்லை" என்று நாம் சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அந்தத் தடுமாற்றத்தை மட்டும் வெட்டியெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் அந்த ஆறுதலும் போயிற்று. இப்போது கவனிக்காதவர்களும் பார்ப்பார்கள், திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். பெற்றோர் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

கூச்சப்படும் பிள்ளையை "மேடை ஏறினால் சரியாகிவிடும்" என்று தள்ளுவதும், "அவனுக்கு இதெல்லாம் வராது" என்று நாமே முடிவு செய்வதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். அவனைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நட்சத்திரத்தைக் கயிற்றில் இழுக்கும் வேலையை இரண்டு வருடம் கேட்டு வாங்கிச் செய்துவிட்டு, மூன்றாவது வருடம் தானாக வசனம் கேட்ட பிள்ளையை எனக்குத் தெரியும்.

ஏரோதும் எலிசபெத்தும்

மத்திய கால இங்கிலாந்தில், கவென்ட்ரி நகரத்து நாடகத்தில் ஏரோது மேடையில் மட்டுமின்றித் தெருவில் இறங்கியும் ஆர்ப்பரிப்பான் என்று பிரதியிலேயே குறிப்பு இருக்கிறது. எல்லாருக்கும் பிடித்த வேடம் அது. மேடையில் கத்திவிட்டு வந்த பையனை அடுத்த வருடம்வரை "டேய் ஏரோது" என்று கூப்பிடுவதில்தான் பிரச்சினை. ஏற்கெனவே குறும்புக்காரன் என்று பெயர் வாங்கியவனுக்கே அந்த வேடத்தைக் கொடுத்திருப்போம். பெயர் ஒட்டிக்கொண்டால் அதற்கேற்ப நடந்து காட்டவும் செய்வான். நாடகம் முடிந்த கையோடு கிரீடத்தைக் கழற்றி வைக்கச் சொல்லி, அவன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிறப்பின் கதை எல்லாருக்கும் மகிழ்ச்சிக் கதை இல்லை. பல வருடம் பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணிடம், "உங்கள் வயதுக்கு எலிசபெத் சரியாக இருக்கும்" என்று எல்லார் முன்னும் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். கதையில் எலிசபெத் வயதாகும்வரை பிள்ளை இல்லாதிருந்தவள். அந்தப் பெண் சிரித்துச் சமாளித்தார், அடுத்த பயிற்சிக்கு வரவில்லை. கரு கலைந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கூட்டத்திலும் இருப்பார்கள், மேடையிலும் இருப்பார்கள். இதே வேடம் சிலருக்கு அழ ஒரு இடம் கொடுக்கும், அதையும் மறுக்கவில்லை. தனியாகக் கேளுங்கள், யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள், காரணம் சொல்லாமல் மறுக்கவும் விடுங்கள். பெத்லகேமில் குழந்தைகள் கொல்லப்படும் காட்சியை வாள், அலறல் சகிதம் காட்டுவதற்கு முன்னும் இதே யோசனை வேண்டும்.

பரிசு பற்றி ஒரு வார்த்தை. "நன்றாக நடித்தால் பரிசு" என்று முதலிலேயே சொல்லாதீர்கள். 1973இல் வெளியான ஒரு பிரபல ஆய்வில், பரிசு தருவதாகச் சொல்லிப் படம் வரைய வைத்த சிறு பிள்ளைகள் பிற்பாடு தாங்களாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

அப்புறம், நடிப்பை வைத்து விசுவாசத்தை அளக்காதீர்கள். உருக்கமாக நடித்த வாலிபனிடம் உடனே தன் விசுவாசத்தைப் பற்றிச் சபையில் சாட்சி சொல்லச் சொல்வதும், நண்பனோடு சும்மா வந்து மேய்ப்பனாக நின்ற வேறு மதத்துப் பையனை வளைத்துப் பிடிப்பதும், அவர்களுக்குள் மெதுவாக நடந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றைக் கலைத்துவிடும்.

மறுநாள்

நாடகம் முடிந்த இரவே மேடையைப் பிரித்து, துணிகளை மூட்டை கட்டி, எல்லாரும் கலைந்துவிடுவார்கள். ஆறு வாரம் கூடவே இருந்த கூட்டம் திடீரென்று காணாமல் போகும். பிள்ளைகள் சிலர் இரண்டு நாள் எரிந்து விழுவார்கள். பழக்கியவர்களுக்கும் அந்த வெறுமை இருக்கும், அவர்கள் வெளியே சொல்வதில்லை. ஒரே ஆளின் தலையில் வருடாவருடம் எல்லாவற்றையும் கட்டுவதால் அடுத்த வருடம் அவர் ஓடிவிடுவதும் உண்டு.

நாங்கள் சில வருடங்களாக, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடித்தவர்களை மட்டும் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம். எப்படி நடித்தாய் என்று கேட்பதில்லை. உள்ளே இருந்து என்ன பார்த்தாய் என்று கேட்கிறோம். ஒரு வருடம், சத்திரக்காரனின் மனைவியாக வந்த சிறுமி (லூக்கா சொல்லும் பிறப்புக் கதையில் சத்திரக்காரனே இல்லை, மனைவிக்கு எங்கே போவது, இருந்தாலும் வைத்திருந்தோம்) கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இடமில்லைன்னு சொல்லிக் கதவைச் சாத்தினேன்ல, அவங்க பக்கம் வெளிச்சமா இருந்தது. எனக்குத்தான் இருட்டாயிடுச்சு."

கதவுக்குப் பின்னால் விளக்கு வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருடம் ஒன்று வைத்தோம்.