கைமடியிலிருந்து ஓவர்லாக் வரை: பனியன் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

திருப்பூரில் எந்தத் தெருவுக்குள் போனாலும் கரண்ட் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும்: ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை. ஓவர்லாக் என்பது ஓரத்தை வெட்டிக்கொண்டே துணிகளைச் சேர்த்துத் தைக்கிற மிஷின், பேட்லாக் ஓரம் மடித்துத் தைக்கிற மிஷின், சிங்கர் சாதாரண ஒற்றை ஊசித் தையல் மிஷின். கைமடி என்றால் டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை வெட்டி அடுக்குகிறவர். அந்த வரிசையில் கடைசியாக இருக்கிற கைமடியாகத்தான் 2003இல் நான் உள்ளே போனேன். ஊர் திண்டுக்கல் பக்கம், பத்தாவதில் கணக்குப் பாடம் போய்விட்டது. இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர். புதிதாக வருகிற எல்லோரும் மூன்றாவது நாளே கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எப்பங்க மிஷின்ல உக்கார வைப்பீங்க?" டீ டைமில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

யாரும் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பீஸ் ரேட்டில் தைக்கிற அக்காவுக்கு உங்களுக்காகச் செலவழிக்கிற ஐந்து நிமிடம் என்பது அவர் பையிலிருந்து போகிற காசு. அந்தக் காசை நீங்கள் முன்கூட்டியே திருப்பிக் கொடுக்க வேண்டும். எப்படி? கைமடி வேலையை ஒழுங்காகச் செய்துதான்.

தோள் ஜாயின்ட் தைக்கிறார் என்று வையுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் நல்ல பக்கம் உள்ளே இருக்க ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டும். தோள் ஓரம் டெய்லரின் வலது கையை நோக்கி இருக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டினால் துணி கையில் வந்து உட்கார வேண்டும். தைத்து வருகிற பீஸ்கள் நூல் சங்கிலியில் கோத்த மாதிரி வரும். அதை ஒட்ட வெட்டி, அடுக்கி, கட்ட வேண்டும். பீஸ்களில் ஒட்டியிருக்கிற சின்ன நம்பர் ஸ்டிக்கரைக் குப்பை என்று பிய்த்துப்போடாதீர்கள். கட்டிங்கில் துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டுகிறார்கள். 14ஆம் அடுக்கின் முன்பக்கத்தோடு 14ஆம் அடுக்கின் பின்பக்கமும் கையும்தான் சேர வேண்டும். மாறினால் ஷேடு அடிக்கும். கம்பெனிக்குள் லைட்டில் தெரியாது, வெளியே வெயிலில் பிடித்தால் ஒரே பனியனில் இரண்டு நீலம் தெரியும்.

இரண்டு வாரம் இப்படி நம்பர் மாறாமல் எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். அந்த அக்காவே "சாப்பிட்டுட்டு வந்து இதுல உக்காந்து ஓட்டிப் பாரு கண்ணு" என்பார். நான் கற்றதும் அப்படித்தான். மதியம் மணி அடித்ததும் நாலு வாய் சோறு, மீதி நேரம் மிஷினில். சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். முடியைக் கொண்டை போட்டு, ஷாலைப் பின் குத்திக்கொண்டு உட்காருங்கள். மோட்டார் பெல்ட் ஓடுகிற புல்லியில் துணி சிக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

பேப்பரில் ஓட்டிப் பழகு என்று சிலர் சொல்வார்கள். சிங்கரில் சரி. ஓவர்லாக்கில் கத்தி இருக்கிறது, பேப்பர் அதை மழுங்க வைத்துவிடும். பிறகு மெக்கானிக் உங்களைத் தேடி வருவார். கட்டிங் வேஸ்ட் கேளுங்கள், அள்ளிக் கொடுப்பார்கள்.

முதலில் காலைத்தான் பழக்க வேண்டும். மெதுவாக அமுக்கு, நிறுத்து, மறுபடி அமுக்கு. நினைத்த இடத்தில் நிற்கும் வரைக்கும் வேறு எதுவும் வேண்டாம். அப்புறம் ஒரு அடி நீளத் துண்டுகள் இரண்டை வைத்து நேர்கோடு. கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். துணியை அமுக்கிப் பிடிக்கிற மிஷின் பாதத்துக்கு முன்னால், துணியின் ஓரம் கத்தியைச் சந்திக்கிற இடத்தைப் பாருங்கள். கத்தி பிசிரை மட்டும் எடுக்க வேண்டும். துணியை உள்ளே தள்ளினால் அளவே குறைந்துவிடும். பனியன் துணி இழுத்தால் நீளும், ஓரம் சுருண்டுகொள்ளும். அதனால் பயந்து பின்னாலிருந்து இழுப்பீர்கள். இழுத்துத் தைத்த தையல் நாடா மாதிரி அலை அலையாக நிற்கும், அயர்ன் போட்டாலும் படியாது. துணியை மிஷினே இழுத்துக்கொள்ளும். உங்கள் கை வழி மட்டும் காட்டினால் போதும். கைக்குழி மாதிரி வளைவு வரும்போது, பாதத்துக்கு முன்னால் இருக்கிற இரண்டு அங்குலத்தை மட்டும் நேராக்கிக் கொடுங்கள். மீதி வளைவைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நூல் கோப்பதுதான் பலரை அழவைக்கும். நாலு நூல் ஓவர்லாக்கில் லூப்பருக்குள், அதாவது ஊசி நூலோடு பின்னுகிற நூலைக் கொண்டுவருகிற கொக்கிக்குள், நூல் போகிற வழி ஒரு சந்து. எனக்கு இதைச் சுலபமாக்கியது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன். அவனுக்குத் தமிழில் 'அக்கா'வும் 'சாப்பாடு'ம் மட்டும் தெரியும். பழைய நூலைக் கோனுக்குப் பக்கத்தில் வெட்டி, புதுக் கோன் நூலை அதோடு முடிச்சுப் போட்டு, நூலை இறுக்குகிற டென்ஷன் திருகைத் தளர்த்தி இழுத்துக் காட்டினான். லூப்பர் வழியே முடிச்சு தானாக வந்துவிட்டது. ஊசிக் கண்ணில் மட்டும் முடிச்சு போகாது, வெட்டிவிட்டுக் கோத்துக்கொள்ள வேண்டும். அதுவரை ஆறு வருட சர்வீஸில் எனக்கு யாரும் அதைச் சொன்னதில்லை.

இனி ஊசி. உடைந்தால் கையைத் தூக்குங்கள், மிஷினை நிறுத்துங்கள். உடைந்த எல்லாத் துண்டும் கிடைத்தால்தான் புது ஊசி தருவார்கள். நோட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்குவார்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று நானும் நினைத்தேன். ஒருமுறை குழந்தைகள் ஆர்டரில் என் ஊசி உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. அன்றைய டார்கெட் பயத்தில் பக்கத்து மிஷின்காரியின் பர்ஸில் இருந்த ஊசியை மாட்டி ஓட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து பேக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்தியது. கட்டிய பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு பீஸாக மறுபடி விட்டார்கள், ராத்திரி பதினொரு மணி வரைக்கும். முனை ஒரு சின்ன ஜட்டியின் இடுப்பு மடிப்பில் இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு மாதம் செக்கிங் டேபிளில் நிற்க வைத்தார்கள்.

அந்த ஒரு மாதத்தில்தான் நான் நல்ல டெய்லர் ஆனேன் என்றே சொல்வேன். ஸ்கிப் தையல், தையல் பிடிக்காத இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை என்று பக்கத்தில் ஆரோ ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டி, எந்தத் தப்பு எந்தக் கையிலிருந்து வருகிறது என்று புரிந்தது. உங்களைச் செக்கிங்கில் போட்டால் முகத்தைத் தூக்காதீர்கள்.

சம்பளம். இங்கே ஷிப்ட் கணக்கு: எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். அரை ஷிப்ட் சேர்த்து ஒன்றரையாக ஓடுவதுதான் வழக்கம். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்கிறது சட்டம். அரை ஷிப்டுக்கு அரைச் சம்பளம் மட்டும் எண்ணித் தருகிற இடங்களே நான் அதிகம் பார்த்தது. சேரும்போதே கேட்டுவிடுங்கள், சனிக்கிழமை கவரைப் பிரித்த பிறகு கேட்காதீர்கள். தினம் எத்தனை மணி, எத்தனை பீஸ் என்று சொந்தமாக ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டு இருக்கிறவரிடம் டைம் கீப்பர் பேசுகிற தொனியே வேறு.

பி.எஃப். பிடித்தால் 12 சதவீதம், இ.எஸ்.ஐ. நூற்றுக்கு 75 பைசா. பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பர் ஒருவருக்கு ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் அதையே கொடுங்கள். இங்கே ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறுகிறவர்கள் ஒவ்வொரு இடத்திலும் புதிது போட்டுவிட்டு, பணம் எடுக்கும்போது அலைகிறார்கள். ஆதாரில் இருக்கிற பெயரும் இனிஷியலும் அப்படியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இ.எஸ்.ஐ. அட்டையை வாங்கி வையுங்கள். தகுதிக்குரிய நாட்கள் சேர்ந்த பிறகு உடம்பு சரியில்லாமல் படுத்தால், டாக்டர் சான்றிதழோடு வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்.

உடம்பு பற்றி ஒன்றே ஒன்று. பாத்ரூமுக்குப் போனால் பீஸ் குறையும் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். என் லைனில் மேஜைக்கு மேஜை பாட்டில் இருக்க வேண்டும், காலியாகவும் வேண்டும்.

ஓவர்லாக் கைக்கு வந்ததும் பேட்லாக்குக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது எங்களுக்கு அரை ஷிப்ட் நின்றது, ஒரு லைனையே மூடினோம். ஓவர்லாக் மட்டும் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். இரண்டு மிஷின் தெரிந்தவர்களைப் பக்கத்து லைனில் போட்டுக்கொள்ள முடிந்தது.

டெய்லராக வேறு இடத்துக்குப் போனால் ஒரு கட்டு கொடுத்துத் தைத்துக் காட்டச் சொல்வார்கள். உடனே தைக்காதீர்கள். வேஸ்ட் துணி கேட்டு அந்த மிஷினின் மிதி எப்படி என்று பாருங்கள். பழைய கிளட்ச் மோட்டாருக்குப் பழகிய கால் புதிய சர்வோ மோட்டாரில் தடுமாறும். பெரிய கம்பெனிகளில் நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியான டிரிம்மரை மேஜையோடு கட்டி வைத்திருப்பார்கள். கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்ன பவர் டேபிள் யூனிட்டில் உங்களுடையதைத்தான் கொண்டுபோக வேண்டும். அதன் காதில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மதியத்துக்குள் வேறு யாருடையதாகவோ ஆகியிருக்கும்.