டாலர் வருமானமும் வரிக் குழப்பங்களும்

கோவையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து டெக்சாஸ் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதித் தருகிறீர்கள். டாலராக வரும் பணத்துக்கு இங்கே வரி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவர் இரண்டு வரிகளைப் போட்டுக் குழப்புகிறார். சேவை ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம் என்பது உண்மை; வருமான வரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கே உட்கார்ந்து சம்பாதித்ததற்கு இங்கேதான் கணக்குக் காட்ட வேண்டும்.

அந்தப் பூஜ்யமும் தானாக வந்துவிடாது. வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருக்க வேண்டும், பணம் அந்நியச் செலாவணியாகவோ ரிசர்வ் வங்கி அனுமதித்த வகையில் ரூபாயாகவோ வர வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், வரி கட்டாமலே ஏற்றுமதி செய்வதற்கான எல்யுடி என்ற உறுதிமொழியையும் முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் 18 விழுக்காடு கட்டிவிட்டு ரீஃபண்டுக்கு அலைய வேண்டியதுதான். எல்யுடிக்குக் கட்டணம் இல்லை, பெரிய வேலையும் இல்லை. ஆனால் அதன் ஆயுள் அந்த நிதியாண்டின் மார்ச் 31 வரைதான். ஒரு வருடம் ஏப்ரல், மே இரண்டு மாதமும் பழைய எல்யுடி எண்ணையே பில்லில் போட்டுக்கொண்டிருந்தேன். ஜூனில் ஆடிட்டர் கேட்டபோதுதான் உறைத்தது.

பதிவே இல்லாதவர்கள் வேறொரு குழியில் விழுகிறார்கள். தமிழ்நாட்டில் சேவைகளுக்கான பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். வரிதான் பூஜ்யமாயிற்றே, ஏற்றுமதி இதில் சேராது என்று விட்டுவிடுகிறார்கள். சேரும். 12 லட்சத்துக்கு வெளிநாட்டு வேலை, 9 லட்சத்துக்கு உள்ளூர் வேலை என்றால் வரம்பைத் தாண்டியாயிற்று.

ஃப்ரீலான்ஸ் தளங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பும். வங்கிக்கு வந்ததை மட்டும் வரவாக எழுதாதீர்கள். முழுத்தொகையை வரவிலும் கமிஷனைச் செலவிலும் காட்டுவதே சரி. தளம் வெளிநாட்டைச் சேர்ந்தது, நீங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் அந்தக் கமிஷனுக்கு ரிவர்ஸ் சார்ஜ் முறையில், அதாவது சேவை தந்தவருக்குப் பதிலாகப் பெற்றவரான நீங்களே, ஜிஎஸ்டி கட்ட வேண்டியும் வரும். பலருக்கு இது நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

அமெரிக்க வாடிக்கையாளர் டபிள்யூ-8பென் (W-8BEN) படிவம், அதாவது நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று எழுதித் தரும் படிவம், கேட்டால் பயந்து தள்ளிப்போடாதீர்கள். முழுக்க இந்தியாவில் இருந்தபடி செய்த வேலைக்கான ஊதியம் பொதுவாக அமெரிக்க வரிக்குள் வராது. படிவம் இல்லையென்று 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு அனுப்புகிறவர்களும் உண்டு. பிடித்திருக்கவே கூடாத அந்த வரியை இங்கே கழித்துக்கொள்ளப் பார்ப்பதைவிட, பணம் வருவதற்கு முன்பே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவது எளிது.