சரவிளக்கும் சில்வர் ஓக்கும்: ரெண்டர் திணறாமல் இருக்க

சேலத்தில் கல்யாண மண்டபத்துக்கு த்ரீடி வியூ கேட்டால் சரவிளக்கும் சீரியல் செட்டும் இல்லாமல் விடமாட்டார்கள். ஏற்காடு ரிசார்ட் என்றால் சுற்றிலும் சில்வர் ஓக் மரம், காப்பிச் செடி. பிளெண்டர் என்ற த்ரீடி மென்பொருளில், காட்சியைப் படமாக்கித் தரும் (ரெண்டர்) சைக்கிள்ஸ் இன்ஜினில் இரண்டையும் சமாளிக்கலாம்.

மரத்தை ஷிஃப்ட் டி அழுத்தி நகலெடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக மெமரியைத் தின்னும். ஆல்ட் டி அழுத்துங்கள். எத்தனை மரம் நட்டாலும் மெஷ் (மரத்தின் வடிவத் தரவு) ஒன்றுதான். ஆனால் மரத்தில் மாடிஃபையர் (மெஷ்ஷை மாற்றிக் காட்டும் அமைப்பு) ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பலன் போய்விடும். நகலெடுக்கும் முன்பே அதை அப்ளை செய்து மெஷ்ஷிலேயே நிரந்தரமாக்கிவிடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தால் முதலில் பல்பைப் பாருங்கள். உருண்டை பல்புக்கு எமிஷன் (தானே ஒளிரும்) மெட்டீரியல் கொடுத்தால் அதன் ஒவ்வொரு முக்கோணமும் தனி விளக்காகக் கணக்கில் சேரும். மெட்டீரியல் செட்டிங்ஸில் எமிஷன் சாம்ப்ளிங்கை அணைத்துவிட்டு, உள்ளே ஒரு பாயிண்ட் லைட் வையுங்கள். பல்பு நிழல் விழவைக்காதபடி, அதன் ரே விசிபிலிட்டியில் ஷேடோ டிக்கை எடுக்க மறக்காதீர்கள்; இல்லையென்றால் வெளிச்சம் உள்ளேயே அடைபட்டுவிடும். எமிஷன் அளவு, பல்பு எரிவதாகத் தெரிந்தால் போதும். கூடத்துக்கு வெளிச்சம் தருவது பாயிண்ட் லைட்டின் வேலை.

2023-ல் வந்த பிளெண்டர் 3.5 பதிப்பிலிருந்து, பல விளக்குகளில் எதைக் கணக்கிடுவது என்று திறமையாகத் தேர்ந்தெடுக்கும் லைட் ட்ரீ வசதி இருக்கிறது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் (ஒரு புள்ளியின் நிறத்தை ஒருமுறை கணக்கிடுவது) கொஞ்சம் நேரம் கூடினாலும், விளக்குகள் நிறைந்த காட்சியில் இரைச்சல் நன்றாகவே குறையும். பழைய பதிப்பில் இருப்பவர்கள் இதற்காகவே மாறலாம்.