எரிவாயு நிறுவனப் பங்குக்கு விலை போடும்போது எங்கே சறுக்குகிறோம்

பாப்புவா நியூ கினியில் எல்க்-ஆன்டிலோப் என்று ஒரு எரிவாயு வயல். அதில் பங்கு வைத்திருந்த சிறிய நிறுவனம் இன்டர்ஆயில். இதை யார் வாங்குவார்கள், எவ்வளவு தருவார்கள் என்று முதலீட்டாளர்கள் ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் சறுக்க எத்தனையோ இடங்கள் இருந்தன.

முதலில், வயலின் மொத்த அளவை எடுத்து, எரிவாயு விலையால் பெருக்கி, சுமார் 5 கோடி பங்குகளால் வகுப்பது. கிடைக்கும் எண் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் நிறுவனத்தின் கையில் இருந்தது 36.5% தான். நாட்டுச் சட்டப்படி, உரிய செலவைக் கொடுத்துவிட்டு 22.5% வரை எடுத்துக்கொள்ளும் உரிமை அரசுக்கு உண்டு. அதைக் கழித்தால் மிஞ்சுவது 28.3%. மண்ணுக்கு அடியில் கிடக்கும் வாயுவுக்குக் கப்பலில் ஏறிய வாயுவின் விலையைப் போடுவது அடுத்த கோளாறு. நிறுவனம் கைமாறியது 2017-ல். அந்த வாயுவை எடுத்து விற்கும் திட்டத்துக்கான இறுதி முதலீட்டு முடிவு, அதாவது ‘பணம் போட்டுக் கட்டத் தொடங்குவோம்’ என்ற தீர்மானம், 2024 முடிந்தும் எடுக்கப்படவில்லை. அத்தனை ஆண்டு காத்திருப்பை இன்றைய மதிப்புக்குத் தள்ளுபடி செய்யாவிட்டால் கணக்கு வெறும் ஆசைதான்.

‘பெரிய நிறுவனம் உள்ளே வந்தால் பங்கு ஏறும்’ என்பது அடுத்த நம்பிக்கை. 2013 டிசம்பரில் பிரான்சின் எண்ணெய் நிறுவனமான டோட்டல் அந்த வயலில் பங்கு வாங்க வந்தது. இன்டர்ஆயில் பங்கோ ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. சந்தை அதற்கு முன்பே அதைவிடப் பெரிய டீலை மனதில் வைத்து விலையை ஏற்றியிருந்தது.

சரி, நிறையப் பேர் குழம்பும் இடத்துக்கு வருவோம். 2016 ஜூலையில் இன்டர்ஆயிலை வாங்க அமெரிக்க எண்ணெய் நிறுவனம் எக்ஸான்மொபில் சொன்னது இது: ஒரு இன்டர்ஆயில் பங்குக்கு 45 டாலர் மதிப்புள்ள எக்ஸான் பங்குகள். அதோடு, வயலில் இருப்பதாகச் சான்றளிக்கப்படும் வாயுவின் அளவு 6.2 லட்சம் கோடி கன அடியைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு லட்சம் கோடிக்கும் 7.07 டாலர் ரொக்கம். வரம்பு 10 லட்சம் கோடி. அதாவது அதிகபட்சம் 26.87 டாலர். இதை 45-உடன் கூட்டி ‘71.87 டாலர் பங்கு’ என்று சொல்வது லாட்டரிச் சீட்டின் விலையாக முதல் பரிசைப் போடுவது மாதிரி.

இதிலேயே நுணுக்கமான தவறு ஒன்று உண்டு, கணக்கு தெரிந்தவர்களும் செய்வது. என் கற்பனை எண்களில் (லட்சம் கோடி கன அடியில்) பாருங்கள்: 5.5 வர 30% வாய்ப்பு, 7.5 வர 50%, 9 வர 20%. சராசரி அளவு 7.2, ஆகவே கூடுதல் தொகை 7.07 டாலர் என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் 5.5 வந்தால் யாரும் நம்மிடம் பணம் திருப்பிக் கேட்கப் போவதில்லை, அங்கே பூஜ்யம்தான். ஒவ்வொரு நிலைக்கும் தனியாகத் தொகையைப் போட்டுப் பிறகு சராசரி எடுத்தால் 8.55 டாலர் வருகிறது. அடியில் தரை இருப்பதால் வந்த லாபம் இது. மேலே வரம்பு இடிக்கும் அளவுக்கு எண்கள் பெரிதாக இருந்தால் இதே வித்தியாசம் எதிர்ப்பக்கம் சாயும்.

எக்ஸானுக்கு இரண்டு மாதம் முன்னால் ஆயில் சர்ச் என்ற மற்றொரு எண்ணெய் நிறுவனம் ஒரு இன்டர்ஆயில் பங்குக்குத் தருவதாகச் சொன்னது தன் பங்குகளில் 8.05. எண்ணிக்கை நிலையானது, அதன் டாலர் மதிப்பு தினமும் ஆடும். எக்ஸானில் மதிப்பு நிலையானது, பங்கு எண்ணிக்கை கடைசியில் மாறும். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அப்புறம், பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டதும் டீல் முடிந்தது என்று நினைப்பது. 2016 செப்டம்பரில் எக்ஸான் டீலுக்கு 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. நவம்பரில் கனடாவின் யூகான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. நிறுவனம் வாங்கி வைத்திருந்த நிபுணர் கருத்து, வாயு அளவைப் பொறுத்து வரும் அந்தக் கூடுதல் ரொக்கத்துக்கு மதிப்பே போடவில்லை என்பது நீதிமன்றம் சுட்டிய குறைகளில் ஒன்று! பிறகு வரம்பு 11 ஆக உயர்ந்தது, 45 டாலர் அப்படியே நின்றது, 2017 பிப்ரவரியில் விற்பனை முடிந்தது.

ஆகவே டீல் முறிந்தால் பங்கு எங்கே நிற்கும் என்ற எண்ணும் வேண்டும். நடக்க 80% வாய்ப்பு, முறிந்தால் 30 டாலர் என்று வைத்தால்: முன்பு பார்த்த 45-ம் 8.55-ம் சேர்ந்த 53.55-ல் 80 சதவீதமும் 30-ல் 20 சதவீதமும் சேர்ந்து 48.84 டாலர். காத்திருக்கும் மாதங்களுக்கான வட்டியை இதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.