ஹோல்சேல் ரேட் எல்லார் கண்ணிலும் பட்டால்

திருப்பூரில் டி-சர்ட் விற்கும் ஒருவருக்கு வூகாமர்ஸில் (இணையக் கடை நடத்த உதவும் மென்பொருள்) கடை போட்டுக் கொடுத்தேன். சில்லறைக்கு 299 ரூபாய், கடைக்காரர்களுக்கு 165. ஒருநாள் காலையில் சில்லறை வாடிக்கையாளர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்: "165னு போட்டிருக்கு, கார்ட்ல சேர்த்தா 299 ஆகுதே?" தவறு என்னுடையதுதான்.

காரணம் கேஷ் (cache). ஒருமுறை உருவான பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவருக்கும் அதையே நீட்டுவது அதன் வேலை. கடைக்காரர் லாகின் செய்து பார்த்த பக்கம் அதில் போய் உட்கார்ந்துவிட்டால், ஊருக்கே அவர் ரேட் தெரியும். கார்ட், செக்அவுட் பக்கங்களைக் கேஷ் பிளகின்கள் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) பெரும்பாலும் தாமே ஒதுக்கிவிடும், பொருள் பக்கத்தை ஒதுக்காது. அதனால்தான் அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை. லாகின் செய்தவர்களுக்குக் கேஷ் வேண்டாம் என்று பிளகினில் சொன்னால் மட்டும் போதாது. தளம் இருக்கிற ஹோஸ்டிங்கிலும், பக்கங்களைப் பல ஊர் சர்வர்களிலிருந்து அனுப்பும் சிடிஎன்னிலும் தனித்தனியாகக் கேஷ் இருக்கலாம், அவற்றையும் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, விலையை சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் குறியீடு) போட்டு மறைப்பது. கண்ணுக்குத்தான் தெரியாது, பக்கத்தின் சோர்ஸைத் திறந்தால் அப்படியே இருக்கும். சைஸ், கலர் என்று வகைகள் உள்ள பொருளில் இன்னும் கவனம் வேண்டும். வகைகள் 30 வரை இருந்தால் வூகாமர்ஸ் அத்தனை வகைகளின் விலையையும் பக்கத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிடும். யாருக்கு எந்த விலை என்பதை சர்வரே முடிவு செய்து, அந்த ஒரு விலையை மட்டும் அனுப்ப வேண்டும்.

பதிவு செய்தவுடனே ஹோல்சேல் கணக்கு கிடைக்கிற மாதிரி வைப்பதும் வம்பு. ஜிஎஸ்டி எண் கேட்பார்கள், ஆனால் 15 எழுத்து இருக்கிறதா என்பதோடு விட்டுவிடுவார்கள். எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடைப் பெயரும் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். அதைப் பார்த்து ஆளே கையால் அனுமதிக்கட்டும். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. முகவரி கேரளா, எண் 33 என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

வரிதான் பெரிய தலைவலி. சில்லறை விலையை வரி சேர்த்துச் சொல்கிறோம், ஹோல்சேலில் 'ஜிஎஸ்டி தனி' என்பது வழக்கம். ஆனால் வூகாமர்ஸில் விலையை வரியோடு போடுகிறோமா, வரி இல்லாமலா என்பது கடை முழுவதற்கும் ஒரே அமைப்பு. 165 என்று பார்த்து வந்தவர் செக்அவுட்டில் 173.25 பார்த்தால் கோபப்படத்தான் செய்வார். விலைக்குப் பக்கத்திலேயே 'ஜிஎஸ்டி தனி' என்று எழுதிவிடுங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், தாண்டினால் 18. கணக்கில் வருவது விற்கிற விலை. வரிக்கு முன் சில்லறையில் 2,700, ஹோல்சேலில் 2,200 என்றால், ஒரே ஜாக்கெட்டுக்கு இரண்டு வரி விகிதம்! வூகாமர்ஸ் வரி வகுப்பைப் பொருளோடு கட்டி வைத்திருக்கிறது. கவனிக்காவிட்டால் கடைக்காரர் பில்லில் 18 விழும்.

கூப்பனையும் பாருங்கள். 'தள்ளுபடிப் பொருள்களுக்குச் செல்லாது' என்று டிக் செய்திருந்தாலும், பல ஹோல்சேல் பிளகின்களில் அந்த ரேட் தள்ளுபடியாகக் கணக்கில் வராது. தீபாவளிக்குச் சில்லறைக்காரர்களுக்கு விட்ட 20 சதவீதம் 165-க்கும் போய் 132 ஆகிவிடும். அப்புறம், எல்லா சைஸும் சேர்த்து செட்டாக விற்கிற பொருளுக்கு எண்ணிக்கையும் செட் கணக்கிலேயே ஏற வேண்டும். இல்லாவிட்டால் எல் சைஸை மட்டும் அள்ளிக்கொண்டு எஸ்ஸை உங்களிடமே விட்டுப்போவார்கள்.

போனில் வரும் ஆர்டரை அட்மினில் நீங்களே ஏற்றும்போது, சில பிளகின்களில் ஹோல்சேல் ரேட் விழாது, 299-தான் விழும். பில் அனுப்புவதற்கு முன் ஒருதடவை பார்த்துவிடுங்கள்.